ஹனோயில் ஹோ சி மின் சமாதி, வீடு, அருங்காட்சியகம்: ஒரு நாள் பயணத்துக்கான முழு வழிகாட்டி

ஹனோயில் டாக்சி ஏறி "லாங் பாக்" என்று சொன்னால் போதும், ஓட்டுநர் வேறெதுவும் கேட்காமல் கிளம்பிவிடுவார். வியட்நாமின் விடுதலைப் போராட்டத்தை முன்னின்று நடத்தி, அதன் முதல் குடியரசுத் தலைவரான ஹோ சி மின்னின் சமாதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். லாங் என்றால் சமாதி. பாக் என்றால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூத்தவர். அப்பாவின் அண்ணனை பாக் என்பார்கள், தம்பியை சூ என்பார்கள். நாம் பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்துச் சொல்கிற அதே முறை. ஆங்கிலத்தில் இரண்டுமே அங்கிள்தான் என்பதால் 'அங்கிள் ஹோ' என்று உலகம் முழுக்கப் பரவி, நாமும் சில சமயம் 'ஹோ மாமா' என்று எழுதிவிடுகிறோம். அந்த நாட்டுக்காரர்களுக்கு அவர் பெரியப்பா. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே இருக்கும் கட்டுப்பாடுகள் எதுவும் கெடுபிடியாகத் தெரியாது. ஒரு குடும்பத்துப் பெரியவருக்கு மரியாதை செய்ய வந்திருக்கும் கூட்டத்தில் நாமும் ஒருவர், அவ்வளவுதான்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றேன். சமாதி மூடியிருந்தது, மறுநாள் எனக்கு விமானம். சதுக்கத்தின் இந்தப் பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த வருத்தம் நான்கு வருடம் இருந்தது. இரண்டாம் முறை எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கு அந்த முதல் வெள்ளிக்கிழமை நேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நாளைப் பாருங்கள், பிறகு டிக்கெட் போடுங்கள்

சமாதி திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் காலையில் மட்டுமே திறப்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30க்குத் திறந்து 10.30க்கு மூடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை 8 மணிக்குத் திறந்து 11 மணிக்கு மூடுவார்கள். சனி, ஞாயிறு அரை மணி நேரம் கூடுதல். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போகலாம் என்ற திட்டம் இங்கே நடக்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். உள்ளே பார்வைக்கு வைத்திருக்கும் அவருடைய பதப்படுத்திய உடலைப் பராமரிப்பதற்காக வருடத்துக்கு ஒரு முறை சுமார் இரண்டு மாதம் சமாதியை மூடிவிடுவார்கள். பழைய பயணப் புத்தகங்களில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று இருக்கும். அதை நம்ப வேண்டாம். சமீப ஆண்டுகளில் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மூடுகிறார்கள். நம் ஊரில் கோடை விடுமுறையை ஒட்டி ஜூன் கடைசியில் கிளம்புகிறவர்கள் நேராக இதில் போய் மாட்டுவார்கள். தேதிகள் வருடத்துக்கு வருடம் சற்று நகரும் என்பதால், விமான டிக்கெட் போடுவதற்கு முன்பு சமாதி நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தங்கும் விடுதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். எனக்கு முதல் முறை "தினமும் திறந்திருக்கும்" என்று சொன்னது ஒரு விடுதி வரவேற்பாளர்தான்.

மே 19 அவர் பிறந்தநாள். செப்டம்பர் 2 சுதந்திர நாள். இந்த இரண்டு நாளும், அவர்களுடைய புத்தாண்டான தெத் முதல் நாளும், திங்கள் வெள்ளியில் வந்தாலும் சமாதி திறந்திருக்கும். ஆனால் கூட்டம் அலைமோதும். வயதானவர்களுடன் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். செவ்வாய், புதன், வியாழன்தான் நல்ல நாட்கள்.

பருவம் என்று பார்த்தால் அக்டோபர், நவம்பர், மார்ச் இந்த மூன்றும் நன்றாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஹனோய் நாம் நினைப்பதைவிடக் குளிரும். வியட்நாம் என்றாலே வெயில் என்று எண்ணிப் பருத்திச் சட்டையோடு போய் இறங்கி, அங்கே ஸ்வெட்டர் வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

விசா, விமானம், தங்குமிடம்

இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-விசா தருகிறார்கள். ஒரு முறை நுழைய 25 டாலர். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய உண்டு. மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு 30 நாள் வரை விசாவே தேவையில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக ஹனோய் நோய் பாய் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து 86ஆம் எண் பேருந்து பழைய நகரப் பகுதிக்கு வருகிறது. கிராப் செயலியில் வண்டி கூப்பிட்டாலும் பேரம் பேசும் வேலை இருக்காது. ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள பழைய நகரத்தில் தங்குங்கள். அங்கிருந்து சமாதி இருக்கும் பா தின் சதுக்கம் 2, 3 கிலோமீட்டர்தான்.

என்ன உடுத்துவது, எதை எடுத்துப்போவது

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, குட்டைப் பாவாடை போட்டவர்களை வரிசையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சல்வார், சேலை, சாதாரண பேன்ட் சட்டை எல்லாம் சரி. ஊரில் துக்கம் விசாரிக்கப் போகும்போது எதைப் போடுவோமோ அதையே போட்டுக்கொள்ளுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

நடை நிறைய இருக்கிறது. வரிசை, சமாதி, தோட்டம், அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் காலிலேயே நிற்க வேண்டிவரும். பழகிய செருப்போ ஷூவோ போதும். பெரிய பையை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நுழைவாயிலில் ஊடுகதிர் சோதனை உண்டு. பெரிய பைகளை அங்கேயே ஒப்படைக்கச் சொல்வார்கள், கேமராவைத் தனியாக வாங்கிவைத்து டோக்கன் தருவார்கள். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், சமாதிக்குள் வெளியே எடுக்கக் கூடாது. கேமராவைக் கொடுத்தவர்கள் திரும்பப் பெறும் இடம் எது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கிற இடமும் வாங்குகிற இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

குடை அல்லது தொப்பி அவசியம். வரிசையின் ஒரு பகுதிக்குத்தான் கூரை இருக்கிறது. சமாதிக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

காலை 6 மணி: கொடியேற்றத்திலிருந்து தொடங்குங்கள்

சீக்கிரம் எழ முடிந்தால் இதைத் தவறவிடாதீர்கள். கோடைக்காலத்தில் காலை 6 மணிக்கும் குளிர்காலத்தில் 6.30க்கும் சமாதிக்கு எதிரே தேசியக் கொடியை ஏற்றுகிறார்கள். 34 வீரர்கள் வெள்ளைச் சீருடையில் சமாதியின் பக்கத்திலிருந்து அணிவகுத்து வருவார்கள். 1944 டிசம்பர் 22 அன்று காட்டுக்குள் தொடங்கப்பட்ட வியட்நாம் மக்கள் படையில் முதல் நாள் இருந்தவர்கள் 34 பேர்தான். அந்தக் கணக்குக்காகத்தான் இந்த 34.

சதுக்கத்தில் அந்த நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. நடைப்பயிற்சிக்கு வந்த அக்கம்பக்கத்துப் பாட்டிகளும் தாத்தாக்களும்தான் அதிகம். கொடிப் பாட்டு தொடங்கியதும் கை வீசி நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

நின்று பார்க்கும் இடத்திலிருந்து சதுக்கத்தின் நீளம் தெரியும், சுமார் 320 மீட்டர். 1945 செப்டம்பர் 2 அன்று இதே இடத்தில்தான் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். பிரான்சின் ஆட்சிக்கு எதிரான அந்த அறிக்கை, அமெரிக்காவின் 1776 பிரகடனத்தை மேற்கோள் காட்டித் தொடங்குகிறது, அடுத்து பிரெஞ்சுப் புரட்சியின் பிரகடனத்தை எடுத்துக்கொள்கிறது. அடிமைப்படுத்தியவர்களின் சொந்த வாக்கை எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்தார். பின்னால் இரண்டு நாடுகளோடும் போர் செய்ய வேண்டி வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் புல்வெளியைப் பாருங்கள். பார்க்கலாம், மிதிக்கக் கூடாது. சமாதிக்கு முன் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினாலும் காவலர் விசில் அடித்துவிடுவார்.

கொடியேற்றம் முடிந்ததும் பக்கத்துத் தெருக்களில் காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கெல்லாம் நொக் ஹா சாலைப் பக்கம் உள்ள பார்வையாளர் நுழைவாயிலுக்குப் போய்விட வேண்டும். சதுக்கத்திலிருந்து நேராகச் சமாதிக்குள் நுழைய முடியாது. கட்டடம் கண் முன்னால் இருக்கிறதே என்று அங்கேயே காத்து நின்றால் நேரம்தான் போகும். சுற்றிக்கொண்டு வரிசையின் வாலைப் பிடிக்க வேண்டும்.

வரிசை

வரிசை நீளமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். திருப்பதி போல நின்று நின்று நகராது, நடந்துகொண்டே இருக்கும். நாங்கள் போன அன்று முக்கால் மணி நேரத்தில் உள்ளே போய்விட்டோம்.

இந்த வரிசையைக் காத்திருப்பாக எண்ணாதீர்கள், பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துணியும் கட்டிய பள்ளிப் பிள்ளைகள், தெற்கிலிருந்து பேருந்து பிடித்து வந்த கிராமத்துக் குடும்பங்கள், மார்பு நிறையப் பதக்கம் குத்திய முன்னாள் படைவீரர்கள். எங்களுக்கு முன்னால் எழுபது எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தார். பச்சை நிறப் பழைய ராணுவச் சட்டை, வெளுத்துப் போயிருந்தது, ஆனால் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது நின்று, கழுத்துப் பொத்தானைப் போட்டார். விரல் நடுங்கியதால் இரண்டு மூன்று முறை நழுவியது. உடன் வந்த பேத்தி உதவக் கை நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்து, அவரே போட்டுக்கொண்டார். அப்பா தம் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நிற்கும் நேரத்தில் கட்டடத்தைக் கவனியுங்கள். 1973 செப்டம்பர் 2 அன்று கட்டத் தொடங்கி, 1975 ஆகஸ்ட் 29 அன்று திறந்தார்கள். திறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1975 ஏப்ரலில்தான் வியட்நாம் போர் முடிந்தது. 21.6 மீட்டர் உயரம், சாம்பல் நிறக் கருங்கல், மாஸ்கோவில் உள்ள லெனின் சமாதியை முன்மாதிரியாகக் கொண்டது. முன்பக்கம் வரிசையாக நிற்கும் சிறு பனை போன்ற செடிகள் சைக்கஸ் வகை, நம்மூரில் மதனகாமப்பூ, ஈந்து என்று சொல்லும் செடிகளின் இனம். மொத்தம் 79. அவர் வாழ்ந்தது 79 ஆண்டுகள், 1890 முதல் 1969 வரை.

உள்ளே

இருவர் இருவராக வரிசை பிரிப்பார்கள். பேச்சு இல்லை. கையைப் பாக்கெட்டில் விடக் கூடாது, மார்புக்குக் குறுக்கே கட்டக் கூடாது. பக்கவாட்டில் தொங்கவிட்டபடி நடக்க வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் முன் கை கட்டி நிற்பது மரியாதை என்பதால் நமக்குத் தன்னையறியாமல் கை மேலே போகும். அப்பாவுக்கு அப்படிப் போனது. காவலர் ஒருவர் தொடாமல், பேசாமல், தம் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். உங்களுடன் வரும் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். குழந்தைகளிடமும் முந்தின நாள் இரவே பேசிவிடுங்கள். உள்ளே ஒரு உடல் இருக்கும், இருட்டாக, குளிராக இருக்கும், நடந்துகொண்டே பார்க்க வேண்டும் என்று சொன்னாலே போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

முன்கூடத்தின் சிவப்புக் கல் சுவரில் பொன் எழுத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறது. விடுதலையையும் சுதந்திரத்தையும்விட அருமையானது எதுவும் இல்லை என்பது அதன் பொருள். 1966 ஜூலை 17 அன்று, அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், வானொலியில் அவர் நாட்டு மக்களிடம் சொன்னது. அங்கிருந்து படியேறித் திரும்பினால் குளிர் முகத்தில் அறையும். நடு அறையில் கண்ணாடிப் பேழை, தாழ்வில் இருக்கிறது. நாம் மூன்று பக்கமும் சுற்றி நடக்கிறோம். நான்கு மூலையிலும் அசையாத காவலர்கள். மங்கிய மஞ்சள் வெளிச்சம் முகத்திலும் கையிலும் மட்டும் விழுகிறது. சாதாரணக் காக்கி உடை. மெலிந்த தாடி.

கால்மாட்டில் பாருங்கள். கண்ணாடிக்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள். பழைய டயரை வெட்டி, டியூப் வாரால் கட்டிய செருப்பு. எங்கள் ஊர்ச் சந்தையில் மரத்தடியில் உட்கார்ந்து வெட்டித் தருவார்களே, வயலுக்குப் போகிறவர்களும் மாட்டு வண்டிக்காரர்களும் போட்டுத் திரிந்த அதே டயர் செருப்பு. தாத்தா அதைத்தான் போட்டிருந்தார் என்று அப்பா வெளியே வந்த பிறகு சொன்னார்.

உள்ளே இருக்கும் நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. நிற்க விடமாட்டார்கள். அதனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்து போவது நல்லது.

வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்துப் பார்க்கப்போகும் தோட்டத்தின் அருமை இதிலிருந்துதான் விளங்கும். ஹோ சி மின் இப்படிக் கிடத்தப்பட விரும்பவில்லை. 1965 முதல் ஒவ்வொரு மே மாதமும் தம் பிறந்தநாளை ஒட்டித் தம் உயிலை எடுத்து எழுதித் திருத்தி வந்தார். உடலை எரித்துவிடுங்கள் என்று அதில் கேட்டிருந்தார். சாம்பலை மூன்று பீங்கான் பெட்டிகளில் போட்டு வடக்குக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று கொடுங்கள். குன்றுகளில் புதையுங்கள், சிலையோ கல்லோ வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் மரம் நடட்டும், மரம் பெருகினால் நிலத்துக்கும் நல்லது, உழவுக்கும் நல்லது என்று எழுதினார். அவர் இறந்தபின் கட்சித் தலைமை வேறு முடிவெடுத்தது. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்து, தெற்கு இன்னும் விடுபடாத நிலையில், அங்குள்ள மக்களும் ஒரு நாள் வந்து அவரைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சோவியத் நிபுணர்கள் உடலைப் பதப்படுத்தினார்கள். போர் நடந்த ஆண்டுகளில் அந்த உடலை ஹனோய்க்கு வெளியே மறைவிடங்களுக்கு மாற்றி மாற்றிக் காத்தார்கள். எரியூட்டச் சொன்ன பகுதி 1989இல்தான் மக்களுக்கு வெளியிடப்பட்டது.

வரிசையில் நின்ற அந்தப் பச்சைச் சட்டை அம்மாவையும் பார்த்தேன், இந்த உயிலையும் படித்திருக்கிறேன். பெரியவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்த அம்மாவிடம் அதை என்னால் சொல்லியிருக்க முடியாது.

வீடுதான் முக்கியம், இங்கே நேரத்தைச் செலவிடுங்கள்

பலர் சமாதியைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சமாதியிலிருந்து வழி நேராகக் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்குப் போகிறது. வெளிநாட்டவர் இங்கே சீட்டு வாங்க வேண்டும், சில பத்தாயிரம் டாங்தான் ஆகும். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று கணக்கு வைத்தால் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். நோட்டில் பூஜ்யங்கள் அதிகம், எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். தோட்டத்தையும் மதிய இடைவேளைக்கு மூடிவிடுவார்கள் என்பதால் சமாதி முடிந்த கையோடு போய்விட வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது மஞ்சள் மாளிகை. 1900க்கும் 1906க்கும் இடையில் பிரெஞ்சு இந்தோசீனாவின் தலைமை ஆளுநருக்காகக் கட்டியது. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு இது ஹோ சி மின்னுக்கு வந்தது. அவர் அதில் குடியேற மறுத்துவிட்டார். அரசு விருந்தினரை அங்கே வரவேற்பார், தூங்கப் போவது தோட்டத்து மூலையில், மாளிகையின் மின்பணியாளர் குடியிருந்த சிறிய வீட்டில். ஏறக்குறைய மூன்றரை வருடம் அதில் இருந்தார். அந்த வீட்டுக்கு 54 என்று பெயர், கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம். பக்கத்திலேயே அவர் பயன்படுத்திய கார்கள் நிற்கின்றன. அவற்றில் பெஜோ 404 வண்டி, கடல் கடந்து வாழ்ந்த வியட்நாமியர் வாங்கிக் கொடுத்தது.

அங்கிருந்து குளத்தங்கரையோரமாக, மாமரங்கள் வரிசையாக நிற்கும் பாதை வழியாக நடந்தால் மரக்கால் வீடு வரும். வியட்நாம் மலைப்பகுதி மக்கள் கட்டும் வீட்டைப் போலத் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. போர்க்காலத்தில் மலைக்காடுகளில் அவர் தங்கிய வீடுகளின் நினைவாகக் கட்டச் சொன்னது. 1958 மே மாதம் குடிவந்தார்.

கீழ்த்தளத்துக்குச் சுவரே இல்லை. நீண்ட மேசை, சுற்றி நாற்காலிகள், அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் கூடிய இடம். ஓரத்தில் தொலைபேசிகள், ஒரு இரும்புத் தொப்பி. சுற்றிலும் தாழ்வாக ஒரு திண்ணை ஓடுகிறது. பார்க்க வரும் பிள்ளைகள் உட்காருவதற்காக வைத்தது அந்தத் திண்ணை, உயரத்தைப் பார்த்தாலே தெரியும். மேலே இரண்டே அறைகள். ஒன்று படிக்க, ஒன்று தூங்க. ஒவ்வொன்றும் நம் ஊர் அடுக்குமாடி வீட்டின் சின்ன படுக்கையறை அளவுதான் இருக்கும். ஒரு கட்டில், பாய், ஒரு மேசை, கடிகாரம், வானொலிப் பெட்டி, புத்தகங்கள். மாடிப்படி ஏறி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், உள்ளே விடமாட்டார்கள். வரிசை தள்ளும். கூட்டம் குறையும் வரை கீழே ஒதுங்கி நின்று, பிறகு ஏறுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஐந்து நிமிடம் தடையில்லாமல் பார்க்க முடிந்தது.

வீட்டுக்கு முன்னால் குளம். மாலையில் கரையில் நின்று கை தட்டுவாராம், மீன்கள் கூடி வருமாம், சோறு போடுவாராம். இன்றும் பெரிய பெரிய கெண்டைகள் இருக்கின்றன. கரையில் சதுப்பு மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே முட்டு முட்டாக எழுந்து நிற்கின்றன. அமர்ந்திருக்கும் புத்தர்கள் போல இருப்பதால் அந்த மரத்துக்குப் பெயரே புத்தரை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தெற்கு மக்கள் அனுப்பிய கன்றிலிருந்து வளர்ந்த மரம் ஒன்று நிற்கிறது. நாடு இரண்டாகக் கிடந்தபோது தெற்கைப் பார்க்க முடியாமல் அந்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார் என்று சொல்கிறார்கள். அவர் இறந்தபோதும் தெற்கு சேர்ந்திருக்கவில்லை.

வீட்டை ஒட்டி 67 என்ற தாழ்வான, தடித்த சுவர்களுள்ள கட்டடம் இருக்கிறது. குண்டுவீச்சுக்குப் பயந்து 1967இல் கட்டினார்கள். 1969 செப்டம்பர் 2 அன்று அவர் உயிர் பிரிந்தது அங்கேதான். நாட்டின் விடுதலை நாளிலேயே இறந்தார் என்பதால் விழா கெட்டுவிடக் கூடாதென்று செப்டம்பர் 3 என்று அறிவித்தார்கள், சரியான தேதியை இருபது வருடம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

ஒற்றைத் தூண் கோயிலும் அருங்காட்சியகமும்

தோட்டத்தை விட்டு வெளியே வரும் வழியில் ஒற்றைத் தூண் புத்தர் கோயில். 1049இல் லீ அரசர் கட்டியது, தாமரை நீரில் ஒற்றைக் காம்பில் நிற்பதைப் போன்ற வடிவம். 1954இல் பிரெஞ்சுப் படை வெளியேறும்போது தகர்த்துவிட்டுப் போனது, 1955இல் மீண்டும் எழுப்பினார்கள். சின்னக் கோயில், பத்து நிமிடம் போதும்.

அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டடம்தான் ஹோ சி மின் அருங்காட்சியகம். அவருடைய நூறாவது பிறந்தநாளான 1990 மே 19 அன்று திறந்தார்கள். வடிவமைத்தவர் சோவியத் கட்டடக் கலைஞர் கரோல்ட் இசகோவிச். இதற்கும் தனிச் சீட்டு. பைகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள், உள்ளே படம் எடுக்கலாம்.

கண்ணாடிப் பெட்டியில் பேனா, கண்ணாடி, சட்டை என்று எதிர்பார்த்துப் போனால் திகைத்துவிடுவீர்கள். மேல்தளம் முழுவதும் பெரிய பெரிய குறியீட்டுச் சிற்பங்கள். எரிமலை ஒன்று நிற்கும், அது விடுதலை இயக்கங்கள். மனித மூளையைப் போன்ற ஒரு குகைக்குள் நுழைவீர்கள். 1911இல் சைகோனில் பிரெஞ்சுக் கப்பலில் சமையல் எடுபிடியாக ஏறிப் போனவர், 30 வருடம் கழித்து 1941இல் எல்லை தாண்டி வந்து தங்கிய பாக் போ குகை அது. சுவரைப் பிளந்து வெளியே வரும் அமெரிக்கக் கார் ஒன்று உண்டு. ஃபோர்டு நிறுவனத்தின் எட்செல், விற்பனையில் படுதோல்வி கண்ட மாடல். அமெரிக்கா வியட்நாமில் தோற்றதற்குக் குறியீடாக அதை வைத்திருக்கிறார்கள். விளக்கம் படிக்காமல் போனால் எதுவும் புரியாது. அதனால் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல், 1911, 1945, 1954 ஆகிய மூன்று ஆண்டுகளைச் சுற்றிய பகுதிகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பழைய கடிதங்களும் செய்தித்தாள்களும்தான் எனக்கு அதிகம் பிடித்தன. 1942, 43இல் சீனச் சிறைகளில் கிடந்தபோது எழுதிய கவிதைகள் பற்றிய பகுதியையும் விடாதீர்கள்.

இந்த அருங்காட்சியகம் ஒரு தரப்பின் கதை. 1953 முதல் 1956 வரை வடக்கில் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பல்லாயிரம் பேர் தவறாகப் பண்ணையார் என்று முத்திரை குத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1956இல் ஹோ சி மின்னே தவறு நடந்துவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அதை அறிய விரும்புகிறவர்கள் போவதற்கு முன்பே படித்துவிட்டுப் போக வேண்டும், உள்ளே கிடைக்காது. அங்கே நின்றுகொண்டு வழிகாட்டியிடம் இதை உரக்க விவாதிக்கவும் வேண்டாம். அவருக்கு அது சங்கடம், வேலைக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

சாப்பாடும் மாலையும்

மதியத்துக்குள் பசி எடுத்துவிடும். சைவர்கள் "சாய்" (chay) என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், சைவ உணவு என்று பொருள். கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் நம்பிப் போகலாம். மற்றக் கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் சாறான நுவோக் மாம் ஊற்றிவிடுவார்கள். நிலவுக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே பலர் சைவம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டமும் அதிகம், வகைகளும் அதிகம்.

பிற்பகலுக்கு இரண்டு இடம் சொல்வேன். பழைய நகரத்தில் 48, ஹாங் ஙாங் தெரு. 1945 ஆகஸ்டில் காட்டிலிருந்து ஹனோய் வந்த ஹோ சி மின், ஒரு துணி வணிகர் வீட்டு மாடியில் தங்கி விடுதலைப் பிரகடனத்தை எழுதிய இடம். காலையில் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு அந்த மேசையைப் பார்ப்பது ஒரு சுற்று முடிவதைப் போல இருக்கும். இன்னொன்று மேற்கு ஏரிக்கரையில் உள்ள ட்ரான் குவோக் புத்த கோயில். 1958இல் ஹோ சி மின் இந்தியா வந்து போனார். மறு வருடம் நம் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் ஹனோய் போனபோது போதிமரக் கன்று ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது வளர்ந்து இப்போது கோயில் முற்றம் முழுக்க நிழல் தருகிறது. கால் வலிக்கிறவர்கள் அந்த நிழலில் உட்காரலாம்.

இரவு 9 மணிக்குக் கொடியை இறக்குகிறார்கள். தெம்பு இருந்தால் மறுபடி பா தின் சதுக்கத்துக்கு வாருங்கள். காலையில் விறைப்பாக இருந்த இடம் இரவில் வேறு மாதிரி இருக்கும். வெயில் தாழ்ந்து குடும்பம் குடும்பமாக வந்து உலாவுவார்கள். நாங்கள் போன அன்று மூன்று நான்கு வயதுப் பையன் ஒருவன் காவலரின் நடையைப் பார்த்துப் பார்த்து அதே போல் காலைத் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தான். கொடி மடிக்கப்பட்டு வீரர்கள் திரும்பிப் போகும்போது அவனும் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனான். கோட்டருகே வந்ததும் அவன் பாட்டி கூப்பிட்டார், நின்றுவிட்டான்.